தோள் பொறுக்கும் தோட்டா

அக்டோபர் பாதி கழிந்தும் ரெய்னோவின் கம்பளி உடுப்பு கொடிக்கு வரவில்லை. ஹில்யா அதைக் கவனித்து நான்கு நாளாகியிருந்தது.

நிவாலா ஊரில் கொடியைப் பார்த்தே வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடலாம். மான் வேட்டை தொடங்குவது நவம்பர் பதினைந்து. அதற்கு ஒரு மாதம் முன்பே சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட கோட்டுகளும் கால்சட்டைகளும் பெட்டியைவிட்டு வெளியே வந்து, தேவதாருக் கிளையோடு சேர்த்துக் கொடியில் தொங்கும். வறுத்த வெங்காயமும் அடுப்புப் புகையும் பூச்சி உருண்டையும் கம்பளியிலிருந்து போக வேண்டும். மான் மூக்குக்கு வீடு தெரியக்கூடாது. இந்த வருஷம் பக்கத்துப் பண்ணை பெர்னிஸ் வீட்டுக் கொடியில் நான்கு கோட்டுகள் ஆடிக்கொண்டிருந்தன. ஹில்யாவின் கொடியில் பள்ளிக்கூடச் சமையலறையின் வெள்ளை ஏப்ரன்கள் மட்டும்தான்.

"கோட்டை எப்ப வெளிய போடப்போறே?" காபியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"முட்டி வலிக்குது ஹில்யா. இந்த வருஷம் போக வேணாம்னு பாக்கறேன்."

"எந்த முட்டி?"

ரெய்னோ ஒரு கணம் யோசித்தான். "ரெண்டும்தான்."

"காலையிலதான் கூரை மேல ஏறிப் புகைபோக்கியைச் சுத்தம் பண்ணினே."

"அதனாலதான் வலிக்குது."

அவள் ஏலக்காய் ரொட்டியை இரண்டு துண்டு அறுத்து அவன் முன்னால் தள்ளினாள். ரெய்னோ முப்பத்தெட்டு வருஷம் காகித ஆலைக்கு மரம் வெட்டியவன். காய்ச்சலோடு வேலைக்குப் போயிருக்கிறான், விரல் நசுங்கியும் போயிருக்கிறான். முப்பத்துநாலு வருஷத்தில் ஒரு நவம்பர்கூட வேட்டை முகாமைத் தவறவிட்டதில்லை. மூன்றாவது மகள் பிறந்ததை அவனுக்குச் சொல்ல, பனியில் ஆறு மைல் ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவன் முட்டி வலி என்கிறான்.

அவளுக்குத் தன் கவலையும் ஒன்று இருந்தது. நவம்பர் பதினைந்திலிருந்து முப்பது வரைக்கும் நிவாலா பெண்களின் ஊர். பசித்தபோது சாப்பிடலாம். நடு மத்தியானத்தில் சவுனா என்கிற ஆவிக்குளியல் அறைக்கு விறகு மூட்டி, தோல் சிவக்க உட்கார்ந்துவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல் சீட்டாட உட்காரலாம். பள்ளிக்கூடத்தில் தினமும் இருநூறு தட்டுக்குச் சமைப்பவளுக்கு வருஷத்தில் வேறு விடுமுறை கிடையாது. ரெய்னோ வீட்டில் இருந்தால் தொந்தரவு செய்யமாட்டான், அதுதான் தொந்தரவு. சமையலறை வாசலில் நின்று, சாப்பாடு எப்போது என்று கேட்காமல், கேட்கிற முகத்தோடு நிற்பான்.

சனிக்கிழமை சவுனாவில்தான் விஷயம் வெளியே வந்தது. சூடான கற்களில் அவள் நீரை வீசினாள். ஆவி எழுந்து, இருவர் முகமும் மறைந்தது. ஆவிக்குள்ளிருந்துதான் அவன் பேசினான்.

"போன வருஷம் நான் குறி தப்பிட்டேன்னு சட்டை வாலை வெட்டினாங்க இல்ல?"

குறி தப்பினவன் சட்டையின் பின்வாலை வெட்டி முகாம் சுவரில் ஆணி அடிப்பது வழக்கம். வால் இல்லாத அந்தச் சட்டையைத் துவைத்தவள் அவள்தானே.

"ஆமா."

"தப்பல. பட்டுது. பின்னாடி தள்ளிப் பட்டுது. கத்தியைத் தொலைச்சுட்டேன்னு சொல்லிட்டு ரெண்டு நாளு தேவதாருச் சதுப்புக்குள்ள தேடினேன். ரத்தம் கொஞ்சம் தூரம் இருந்துச்சு. அப்புறம் பனி பெஞ்சு மூடிருச்சு." பலகையில் அவன் நகர்ந்து உட்காருவது கேட்டது. "அது விழுந்து கிடந்த பக்கம் காக்கா கத்தறது மட்டும் கேட்டுச்சு. போய்ச் சேர முடியல."

ஹில்யா இன்னொரு கரண்டி நீர் வீசினாள்.

"தோளா?"

"விசையில விரல் வைக்கும்போதே உடம்புக்குத் தெரிஞ்சுபோகுது, உதை வருதுன்னு. கண்ணு தானா மூடிக்குது. மூடினப்புறம் குண்டு எங்க போகுதுன்னு எனக்கெப்படித் தெரியும்? அந்த மாதிரி சுடறவன் காட்டுக்குள்ள போகக் கூடாது ஹில்யா."

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ந்த கிளை விழுந்து அவனுடைய வலது காறையெலும்பை முறித்திருந்தது. மருத்துவர் தகடு வைத்து ஆணி அடித்திருந்தார். தர்ட்டி நாட் சிக்ஸ் துப்பாக்கியின் அடிக்கட்டை வந்து உட்காருவது சரியாக அந்த இடத்தில்தான்.

"உதை கம்மியான தோட்டாவுக்கு மாறலாம்ல?"

ஆவிக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. "காவ்ப்பி முகாம்லயா? உங்கப்பன் பலகையை மறந்துட்டியா?"

காவ்ப்பி என்பது ஹில்யாவின் பிறந்த வீட்டுப் பெயர். முகாமை ஆரம்பித்தவர் அவளுடைய அப்பா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றில் ஒருநாள் விடியுமுன் இருட்டில் கை துழாவி, பெரியப்பா மகனுடைய தோட்டாக்களை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். பத்துக் கிளைக் கொம்போடு ஒரு கலைமான் நாற்பதடி தூரத்தில் நின்று, பொருந்தாத தோட்டாவை ஒவ்வொன்றாக அவர் திணித்துப் பார்ப்பதை வேடிக்கை பார்த்தது. திரும்பி வந்ததும் சட்டம் போட்டார்: முகாமில் எல்லோருக்கும் தர்ட்டி நாட் சிக்ஸ். கதவோரம் ஒரு பெரிய காபி டின்னில் எல்லோருக்கும் பொதுவாகத் தோட்டா; போகிறபோது ஆளுக்கு ஐந்து. கதவுக்கு மேலே பலகை: ஒரு முகாம், ஒரு தோட்டா. இப்போது அந்தப் பலகைக்குக் காவல் ஹில்யாவின் தம்பி ஆர்வோ.

"அந்தப் பலகைக்குப் பெயின்ட் கலக்கிக் குடுத்தவ நான்," என்றாள் ஹில்யா. "எனக்குப் பயம் காட்டாதே."

*

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஹில்யா லொரெய்னின் கடைக்குப் போனாள். முன்பக்கம் ஆணி, பனி அள்ளும் மண்வாரி, விளக்குத்திரி. கடைசியில் துப்பாக்கிக் கவுண்டர். புருஷன் இறந்தபிறகு லொரெய்ன் பன்னிரண்டு வருஷமாகக் கடையைத் தனியாக நடத்துகிறாள். சிகரெட் கரகரத்த குரல். எந்த ஆம்பளையும் அவளிடம் துப்பாக்கி விஷயத்தில் அளப்பதில்லை.

"உதைக்காத துப்பாக்கி ஒண்ணு வேணும்," என்றாள் ஹில்யா.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உனக்கா! கோழி திருட வந்த மரநாயை விளக்குமாறால அடிச்சுக் கொன்னவ நீ." லொரெய்ன் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். "ரெய்னோ தோளு எப்படி இருக்கு?"

ஹில்யா கையுறையைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தாள். லொரெய்ன் திரும்பக் கேட்கவில்லை. இழுப்பறையைத் திறந்து நான்கு தோட்டாக்களை எடுத்து, கவுண்டர் மேல் வரிசையாக நிற்க வைத்தாள்.

"இது தர்ட்டி தர்ட்டி. சின்னதுதானேன்னு எல்லாரும் பொண்டாட்டிக்கு வாங்கிட்டுப் போவாங்க. தோட்டா சின்னதுதான். ஆனா இதைப் போடற துப்பாக்கி லேசு, அடிக்கட்டை ஒல்லி. உதை கொஞ்சம்னாலும் மொத்தமும் ஒரே எலும்புல இறங்கும். ஆணி அடிச்ச எலும்புன்னா கேக்கவே வேணாம்."

"வேணாம்."

"இது டூ ஃபார்ட்டி த்ரீ. உதையே தெரியாது. நிதானமாப் பாத்துச் சுட்டா மான் விழும், சந்தேகமே இல்ல. ஆனா குண்டு லேசு. முப்பத்துநாலு வருஷம் பெரிய குண்டு போட்டவன் மனசுல, இது போதுமான்னு ஒரு புழு நெளிஞ்சுக்கிட்டே இருக்கும். நெளிஞ்சா அவன் சுடமாட்டான். உனக்கு அவனைத் தெரியும்ல."

"தெரியும். அடுத்தது?"

"செவன் எம்எம் நாட் எய்ட். புதுசு. நல்ல சரக்கு. எங்கிட்ட துப்பாக்கி இல்ல. சொல்லி வரவழைக்கணும். வர்றதுக்குள்ள சீசன் முடிஞ்சு கிறிஸ்துமஸ் வந்துரும்."

கடைசித் தோட்டாவை அவள் விரலால் உருட்டினாள். ஹில்யாவின் நடுவிரல் நீளம், மெலிந்த கழுத்து.

"இது டூ ஃபிஃப்டி செவன். பழைய ஆளு. இப்பல்லாம் யாரும் கேக்கறதில்ல. தர்ட்டி நாட் சிக்ஸோட உதையில பாதிதான், சில சமயம் பாதிகூட இல்ல. குண்டு ரொம்ப லேசும் இல்ல. ஃப்ளோரிடாவுக்குக் குடிபோன தபால்காரர் துப்பாக்கி ஒண்ணு இருக்கு. கனமான கட்டை. கனம் இருந்தா உதையை அதுவே பாதி முழுங்கிரும். நடக்கறப்ப கை வலிக்கும், சுடறப்ப தோள் வலிக்காது."

ஹில்யா துப்பாக்கியை வாங்கித் தோளில் வைத்துப் பார்த்தாள். மாவு மூட்டையைத் தூக்கிப் பழகிய கைக்கு அந்தக் கனம் பெரிதாகத் தெரியவில்லை.

"மான் சாகுமா லொரெய்ன்? சரியாச் சொல்லு."

"மானுக்கு நம்ம தோளு எவ்வளவு வலிச்சுதுன்னு தெரியாது. குண்டு எங்க பட்டுதுங்கறதுதான் அதுக்குக் கணக்கு. முன்னங்காலுக்குப் பின்னாடி, நெஞ்சுல பட்டா, நாப்பது அம்பது தப்படி ஓடி விழுந்துரும். நூறு தப்படிக்குள்ள சுடச் சொல்லு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள், கடையில் வேறு யாரும் இல்லை, இருந்தாலும். "ஆனா தோட்டாவை மாத்தினா மட்டும் போதாது. உடம்பு பயந்து பழகிருச்சு. அதுக்கு ஒரு வழி இருக்கு, கேட்டுக்கோ."

கேட்டுக்கொண்டாள். படிவத்தில் தன் பெயரையே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

*

"எதுக்கு இது?" ரெய்னோ மேசைமேல் கிடந்த துப்பாக்கியைச் சுற்றி வந்தான்.

"எனக்குத்தான். நீங்க எல்லாம் முகாமுக்குப் போனப்புறம் தனியா இருக்கேன். கரடி வந்தா?"

"நவம்பர்ல கரடி தூங்கும்."

"தூக்கம் வராத கரடி வந்தா?"

அவன் சிரித்துவிட்டான். அக்டோபரில் அவன் மனம்விட்டுச் சிரித்தது அதுதான் முதல்.

"நான்தான் போகலையே."

"அப்ப சும்மாதானே இருக்கே. ஞாயித்துக்கிழமை சரளைக்குழிக்கு வந்து எனக்குச் சொல்லிக்குடு."

சிறுவயதில் டப்பா சுடும் பந்தயத்தில் ஆர்வோவை அழவைத்தவள் அவள். அது ரெய்னோவுக்கும் தெரியும். இருந்தும் வந்தான். சரளைக்குழியில் காற்று ஈரமாக இருந்தது. ஏரிப் பக்கம் வானம் ஈயம் பூசினது போல் கிடந்தது. எண்பது தப்படியில் அட்டைப்பெட்டி ஒன்றை வைத்து, அதில் ஒரு காகிதத் தட்டை ஒட்டினார்கள்.

"முதல்ல நீ உன் பழைய துப்பாக்கியில சுடு. பாக்கறேன். நான் தோட்டா போட்டுத் தர்றேன்," என்றாள்.

முதல் குண்டு தட்டுக்கு ஒரு சாண் கீழே போனது. தோளைப் பிடித்துக்கொண்டு அவன் பல்லைக் கடித்தான். இரண்டாவதுக்கு அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு, வெடித்துத் தீர்ந்த வெற்றுத் தோட்டாவை உள்ளே போட்டுக் கொடுத்தாள். ரெய்னோ குறிபார்த்தான். விசையை அழுத்தினான்.

டக்.

வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கியின் மூக்கு, யாரோ கையால் அமுக்கினது போல், மண்ணைப் பார்த்துக் குனிந்தது. தோள் பின்னால் இழுத்துக்கொண்டது. கண்கள் இறுக மூடியிருந்தன.

அவன் கண்ணைத் திறந்து, குனிந்த குழலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"வெத்துத் தோட்டாவா?"

"ஆமா."

"லொரெய்ன் வேலையா?"

"ஆமா."

காது மடல் வரை அவனுக்குச் சிவந்தது. கோபித்துக்கொண்டு வண்டிக்குப் போய்விடுவான் என்று நினைத்தாள். அவன் சரளைமேல் உட்கார்ந்து தொடையில் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தான். "வெடிக்காத துப்பாக்கிக்கே இப்படிப் பயந்தா, அந்த மான் என்ன பண்ணும் பாவம்!"

காதுக்குப் பஞ்சும் மேலே ஒரு மூடியும் போட்டுவிட்டாள். பாதி உதை காது வழியாகத்தான் வருகிறது என்று லொரெய்ன் சொல்லியிருந்தாள். கையில் புதுத் துப்பாக்கியைக் கொடுத்தாள். முதல் குண்டு வெடித்ததும் அவன் திரும்பிப் பார்த்தான்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"ஏதோ மறந்து போன மாதிரி இருக்கு."

அன்று பன்னிரண்டு முறை கொடுத்தாள். ஐந்து வெற்று. எது எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியாது. முதல் மூன்று 'டக்'கிலும் மூக்கு குனிந்தது. நான்காவதில் லேசாக. அடுத்த ஞாயிறும் போனார்கள், அதற்கடுத்த ஞாயிறும். கடைசி நாளில் பனித்தூறல் தொடங்கியிருந்தது. 'டக்' என்றபோது குழல் கல்லில் பதித்தது போல் நின்றது. குழலின் முனையில் விழுந்த ஒரு பனித்துகள்கூட உதிரவில்லை. காகிதத் தட்டில் ஒன்பது ஓட்டைகள் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் இருந்தன.

ரெய்னோ தட்டைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வீடு வந்து முற்றத்தில் இறங்கியதும் கேட்டான்: "ஆர்வோ என்ன சொல்லுவான்?"

"என்னத்தைச் சொல்லுவான்? பொம்பளைத் துப்பாக்கிம்பான். பதினஞ்சு நாளைக்கு அதையேதான் சொல்லிக்கிட்டிருப்பான். அவன் காட்டுக்குள்ள கத்தறதைவிட அந்தக் காக்கா கத்தினது உனக்குப் பரவால்லையா?"

அவன் நின்று யோசித்தான். மறுநாள் காலை கோட்டும் கால்சட்டையும் கொடியில் இருந்தன. மற்ற வீடுகளைவிட நான்கு வாரம் தாமதம். அதனால் ரெய்னோ தேவதாருக் கிளையை இரண்டு மடங்கு செருகியிருந்தான்.

பதினான்காம் தேதி ஆர்வோவின் வண்டி வந்து வாசலில் ஹாரன் அடித்தது. ஹில்யா இருபது பாஸ்டி சுட்டு வைத்திருந்தாள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் நூல்கோலும் வைத்து மடித்துச் சுட்டது. கூடவே நான்கு ஏலக்காய் ரொட்டி. ரெய்னோ ஒரு போர்வைச் சுருளைப் பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு வந்தான்.

"என்ன மச்சான் அது, போர்வைக்குள்ள?"

"போர்வை."

"இவ்வளவு நீளப் போர்வையா?"

"குளிரு மாப்ளே. வண்டியை எடு."

*

ஞாயிறு மத்தியானம். சமையலறை மேசையில் நான்கு பெண்கள் சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்: ஹில்யா, லொரெய்ன், பெர்னிஸ், ஆர்வோவின் மனைவி ஐலி. நால்வருக்கும் சவுனாவிலிருந்து வந்த சிவந்த முகம், தலையில் துண்டு. ஐலிதான் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள். காலை ஆராதனையில் பாஸ்டரையும் சேர்த்துப் பன்னிரண்டே பேர், அதில் ஆம்பளை பாஸ்டர் ஒருவர்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஹில்யா கையில் நல்ல சீட்டு வந்திருந்தது.

அப்போதுதான் வண்டிச் சத்தம் கேட்டது.

"யாருக்கோ காலு முறிஞ்சுபோச்சு," என்றாள் பெர்னிஸ், சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு.

கதவு திறந்தது. ரெய்னோ நின்றான். தாடி முள்ளில் பனி, கோட்டில் ரத்தக் கறை, வாயெல்லாம் பல்.

"எட்டுக் கிளை," என்றான். "கொட்டகையில கட்டித் தொங்கவிட்டாச்சு."

ஹில்யா எழுந்தாள். என்ன கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். மற்றவர்கள் இருக்கும்போது கேட்கத் தயங்கினாள். அவனே சொன்னான்.

"நாப்பத்திரண்டு தப்படி ஓடி விழுந்துச்சு. எண்ணினேன். ஒரே குண்டு. நெஞ்சுல பட்ட இடத்துல மயிரு விலகினதைப் பாத்தேன் ஹில்யா. பாத்தேன். கண்ணு திறந்திருந்துச்சு."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக் காபிக் கெண்டியை எடுத்தாள். அது காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காந்து விவரமாச் சொல்லுய்யா," என்றாள் லொரெய்ன். "நான் வித்த சரக்கு."

ரெய்னோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "முதல் நாள் கதையைக் கேளுங்க. விடியறதுக்கு முன்னாடி, அவனுங்க யாரும் பாக்கறதுக்குள்ள போயிரணும்னு, போர்வையை எடுத்தேன், கதவைத் திறந்தேன். முப்பத்துநாலு வருஷப் பழக்கம், கை தானா டின்னுக்குள்ள போச்சு. அஞ்சு எண்ணிப் பையில போட்டுக்கிட்டேன்."

லொரெய்ன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "தர்ட்டி நாட் சிக்ஸ்!"

"தர்ட்டி நாட் சிக்ஸ். ஒரு மைல் நடந்து, மறைப்புக்குள்ள உக்காந்து, துப்பாக்கியைத் திறந்து போட்டா, உள்ளயே போகமாட்டேங்குது. நீளமா இருக்கு. அஞ்சையும் ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்தேன்."

"அஞ்சும் ஒரே டின்லருந்து எடுத்ததுதானே," என்றாள் பெர்னிஸ். "எதுக்கு அஞ்சையும்?"

"நம்பிக்கைதான். உங்கப்பாரு ஞாபகம் வந்துச்சு ஹில்யா. மனுசன் மேல முதல்முறையா எனக்கு இரக்கம் வந்துச்சு. என்னோட தோட்டா, எவனும் பாத்துரக்கூடாதுன்னு பைக்கு அடியில காலுறைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன். வேற வழியில்ல, ஒம்பது மணிக்குத் திரும்பி நடந்தேன். முகாம் காலியா இருக்கும்னு பாத்தா, அடுப்புப் பக்கத்துல ஆர்வோ. சட்டையைக் கழட்டிட்டு, தோளுல சுடுதண்ணிப் பையை வெச்சுக்கிட்டு."

"ஆர்வோவா?" ஐலி துண்டை இறுக்கிக்கொண்டாள். "அவருக்கு என்ன தோளுல?"

"அதைத்தான் நானும் கேட்டேன். அவன் என் கையில இருக்கற துப்பாக்கியைப் பாக்கறான், நான் அவன் தோளைப் பாக்கறேன். நாகப்பழம் மாதிரி கன்னிப்போயிருக்கு. காலையில ஒரு குண்டு போட்டிருக்கான், மரத்துல பட்டிருக்கு. கோட்டு நாற்காலியில கிடக்கு. உள்பக்கம், வலது தோளுல, ஏதோ தெச்சு வெச்சிருக்கு, தலகாணி மாதிரி. என்னடா இதுன்னு எடுத்துப் பாத்தா, பொம்பளைங்க கோட்டுல வைப்பாங்களே, தோளு எடுப்பாத் தெரியறதுக்கு..."

ஐலி மெதுவாக எழுந்து நின்றாள்.

"என் சர்ச் கோட்டு," என்றாள். "ரெண்டு வருஷமா ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்குது. எனக்குத்தான் முதுகு கோணிப்போச்சுன்னு நினைச்சு, ஆர்கன் பெஞ்சுல ஒரு பக்கமா நிமிந்து நிமிந்து உக்காந்து..." தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "பாஸ்டர் சம்சாரம் எனக்குத் தைலம் வாங்கிக் குடுத்தா! நானும் தினமும் தேச்சேன்!"

லொரெய்ன் மேசையில் தலையை வைத்துவிட்டாள். பெர்னிஸுக்குப் புரையேறியது. ஹில்யா சிரித்த சிரிப்பில் தலைத்துண்டு அவிழ்ந்து விழுந்தது.

"சரி, அப்புறம்?"

"அப்புறம் என்ன. ரெண்டு பேரும் காபி போட்டுக் குடிச்சோம். நீ பலகையைப் பத்திப் பேசாதே, நான் தலகாணியைப் பத்திப் பேசலேன்னு ஒத்துக்கிட்டோம்."

"இப்ப இங்க நாலு பேர்கிட்டச் சொல்லிட்டியே."

"முகாம்ல சொல்லமாட்டேன்னுதானே ஒத்துக்கிட்டது." ரெய்னோ ரொட்டித் துண்டொன்றைக் காபி இல்லாமலே மென்றான். "மறுநாள் காலுறைத் தோட்டாவோட போனேன். ஏழரைக்கு அந்தக் கலைமான் வந்துச்சு. அவ்வளவுதான். ஒரு ஆளுக்கு ஒரு கலைமான்தானே உரிமம், எனக்கு சீசன் முடிஞ்சுபோச்சு. அதான் வந்துட்டேன்." வசதியாகக் காலை நீட்டினான். அடுப்பைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். "என்ன ஆடறீங்க? அஞ்சாவது கை சேத்துக்கலாமா?"

மேசையில் சிரிப்பு நின்றது. நான்கு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹில்யா நாட்காட்டியைப் பார்த்தாள். பதினேழு. முப்பதுக்கு இன்னும் பதிமூன்று நாள். ரெய்னோவின் முகத்தில் அந்தப் பழைய முகம் மெதுவாக வந்து உட்காருவது அவளுக்குத் தெரிந்தது: சாப்பாடு எப்போது என்று கேட்காமல் கேட்கிற முகம். ஒரு வருஷமாக அந்த முகத்தில் இல்லாத நிம்மதியும் அதில் இருந்தது. அதனால் கோபிக்கவும் முடியவில்லை.

"உன்னை யார் கொண்டாந்து விட்டது?" என்று கேட்டாள்.

"ஆர்வோதான். வண்டியிலயே இருக்கான். உள்ள வரமாட்டேங்கறான். உங்கிட்டத் தனியா ஏதோ கேக்கணுமாம்."

ஐலி கதவை நோக்கிப் போனாள். லொரெய்ன் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "முதல்ல அவ போகட்டும்டி. நீ அப்புறம் வெச்சுக்க."

ஹில்யா ரெய்னோவின் காலணியைக் காலில் நுழைத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். பனி நின்றிருந்தது. கொட்டகைக் கதவிடுக்கில் மானின் கொம்பு தெரிந்தது. ஆர்வோ வண்டிக் கண்ணாடியைப் பாதி இறக்கினான். அப்பாவைப் போலவே பெரிய தலை, பெரிய மீசை. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துப் பேசினான்.

"அக்கா, நல்லாருக்கியா?"

"நல்லாத்தான் இருந்தேன், பத்து நிமிஷம் முன்னாடி வரைக்கும்."

"மச்சான் நல்லாச் சுட்டாரு."

"சொன்னான்."

"அந்தத் துப்பாக்கி... உன் பேர்லதான் இருக்காமே."

"ஆமா."

"சும்மா ரெண்டு நாளைக்கு... எப்படி இருக்குன்னு பாக்கலாம்னுதான். எனக்கு ஒண்ணும் வேணும்னு இல்ல. மச்சானுக்கு இனி அது வேண்டாந்தானே, சும்மாதானே கிடக்கும்..." மீசையைத் தடவிக்கொண்டான். "போர்வையோடயே குடுத்தாப் போதும்."

ஹில்யா வண்டிக் கதவில் சாய்ந்து நின்று, முகாமின் பதிமூன்று நாள் சமையலை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். ஆறு ஆம்பளைகள், அவள் கொடுத்தனுப்பின பாஸ்டி நேற்றே தீர்ந்திருக்கும்.

"அங்க இப்ப யாருடா சமைக்கறது?"

"யாரும் சமைக்கல. டின்னைத் திறந்து சுட வெச்சுத் திங்கறோம்."

"தர்றேன். ஆனா துப்பாக்கி தனியா வராது. ஆளோடதான் வரும். உருளைக்கிழங்கு உரிக்கத் தெரியும், விறகு பிளப்பான், பாத்திரம் கழுவுவான்." அவள் நிமிர்ந்து, வீட்டைப் பார்த்து, "ரெய்னோ! காலணியைத் தர்றேன், வந்து போட்டுக்க!" என்று கூவினாள். பிறகு கண்ணாடி வழியாகக் குனிந்து தம்பியிடம் சொன்னாள்:

"முப்பதாம் தேதிக்கு முன்னாடி ரெண்டுல எதையும் திருப்பிக் கொண்டாராதே."